ஸ்பானரை என் கையிலேயே விட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் வீட்டு முன்கூடத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடப்பட்டிருந்த ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மறுபடியும் ஓடுகிறது. சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். பாராட்டெல்லாம் எனக்கு வருகிறது. அது போய்ச் சேர வேண்டிய இடங்கள் வேறு. நேரில் சொன்ன நன்றி எனக்கே போதவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முறை சொல்லியும் தொழிலைச் சொல்லியும் எழுதுகிறேன். படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

மோட்டார் என் அம்மாவுடையது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலம் முழுவதும் அதில்தான் போய் வந்தார். விடியுமுன் குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார். திரும்பும்போது பின்னால் பால் டின்கள் ஆடிக்கொண்டு வரும். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். மோட்டார் கூரைக்கடியில் நின்றுவிட்டது. அப்படியும் அம்மா ஆண்டுதோறும் காப்புறுதி எடுத்து, 2 ரிங்கிட் சாலை வரியும் கட்டி வந்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கத் துணிந்ததில்லை.

நான் அதை ஓட்டிப் பார்த்தபோது நீலப் புகை கக்கியது. மேட்டில் இழுக்கவில்லை. பட்டறை ஒன்றில் காட்டியதற்கு, பழைய எஞ்சினை இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் புது எஞ்சின் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். செலவுக் கணக்கில் அது சரியான யோசனைதான். ஆனால் அம்மாவைச் சுமந்தது அந்த எஞ்சின். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் அம்மாவின் மோட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, அம்மா வேலை செய்த தோட்டத்தின் பட்டறையில் டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு. கண் பார்வை மங்கிவிட்டது, இனிமேல் ஸ்பானர் பிடிப்பதில்லை என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீ செய் தங்கச்சி, நான் சொல்கிறேன்" என்றார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டிக் கிக்கரை மிதிக்கச் சொன்னார். மிதி சட்டென்று இறுகியது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும். வால்வு மட்டும் ஒழுகினால் எண்ணெய் ஊற்றியும் மாற்றம் தெரியாது. ஒரு கரண்டி எண்ணெயில் பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பெரியவர் பாக்சிக்குக்கு. இந்த ஜப்பானிய எஞ்சின்களின் பக்க மூடிகளில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் சாதாரணத் திருப்புளிக்கு மசியாது. தலைதான் மழுங்கிப் போகும். சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் திருப்புளியை அவர் எடுத்து வந்தார். ஒன்றைத் தட்டிக் காட்டிவிட்டுக் கருவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பதையும் அவர்தான் எச்சரித்தார். பெட்டி அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைக்கச் செய்தார். மற்றவை மைலோ டின்களுக்குள் போயின. பூட்டும்போது ஒரு ஸ்குரூகூட மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவுமில்லை. தெரிமா காசே, பாக்சிக்.

சி70 பிரிப்பவர் மேல் இரக்கம் காட்டும் எஞ்சின். வண்டியின் சட்டகத்தில் இரண்டே நீள போல்ட்டுகளில் தொங்குகிறது. சிலிண்டர் முன்பக்கம் பார்த்துக் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கிறது. 72 சிசிதான், ஒருவர் தனியாகத் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றும் முன் கிராங்க் அறையின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். துள்ளி உள்ளே விழுந்துவிட்டால் முழு எஞ்சினையும் பிளக்க வேண்டியிருக்கும். கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்து எண்ணெய் வடிக்கும் சுழல்கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே கருப்புச் சேறு, விரலால் வழித்தெடுக்கும் கெட்டியில். காகித வடிகட்டி இல்லாத எஞ்சின் இது. அழுக்கைச் சுழற்றியே விளிம்பில் ஒதுக்கி வைக்கிறது. அந்தச் சேற்றில் அம்மாவின் எத்தனை ஆண்டுப் பாடு இருந்திருக்கும் என்று நினைத்து நான் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

ஈப்போவில் லேத் பட்டறை முதலாளியான தவுக்கேயைப் பற்றி நிறைய எழுத ஆசை. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களில் (லம்பங்களில்) மணலையும் தண்ணீரையும் உறிஞ்சும் பம்புகளைச் செப்பனிட்டுத் தொழில் கற்றவர். 1985இல் வெள்ளீய விலை சரிந்து லம்பங்கள் வரிசையாக மூடப்பட்ட பிறகு மோட்டார், லாரி எஞ்சின்களுக்கு வந்திருக்கிறார். சிலிண்டரை வாங்கியவர் உடனே அளக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டு மேல் விளிம்புக்குக் கீழே மெதுவாக ஓட்டினார். "இங்கே படி இருக்கிறது, தொட்டுப் பார்" என்றார். தொட்டேன். நகம் தட்டும் அளவுக்கு ஒரு மெல்லிய விளிம்பு. ரிங் ஏறி நிற்கும் எல்லை அது. அதற்குப் பிறகுதான் துளை அளக்கும் கருவியை எடுத்தார். மேலே, நடுவில், கீழே. ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை. மேல்பகுதி வட்டமாகவே இல்லை. வெடிப்பு பிஸ்டனை ஒரு பக்கச் சுவரோடு சேர்த்து அழுத்துவதால் அந்தத் திசையில் தேய்மானம் கூடுதல் என்று எண்களைக் காட்டி விளக்கினார். 47 மில்லிமீட்டர் துளையை 47.50க்குக் கடைய வேண்டும் என்றார். கடைவதற்கு முன் பிஸ்டனைக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார். அளவுச் சீட்டை நம்பித் துளை போட மாட்டாராம். கைக்கு வந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் கடைவாராம். இடையில் விடும் இடைவெளி மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான், ஊகத்துக்கு அங்கே இடமில்லை. கூலியை அவர் குறைக்கவில்லை, நானும் குறைக்கச் சொல்லவில்லை. கடைசல் இயந்திரத்தின் அருகே என்னை நிற்க வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தாரே, அதற்கு விலை கிடையாது.

பிஸ்டன் தேடிக் கொடுத்தது உதிரிப்பாகக் கடை அக்கா. 1958இல் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார்களை மலாயாவில் விற்கத் தொடங்கினார். அதே ஆண்டில் ஜப்பானில் பிறந்த இந்த வரிசை வண்டிகள் 2017க்குள் உலகமெங்கும் பத்துக் கோடியைத் தொட்டுவிட்டன. ஆகவே உதிரிப்பாகம் கிடைக்காமல் போகாது என்று அக்கா உறுதியாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த பெட்டிகளுக்குள்ளிருந்து ரிங் செட்டோடு எடுத்துக் கொடுத்தார். நன்றி அக்கா.

வால்வு வேலைக்கு மறுபடியும் மாமா. வால்வின் விளிம்பில் அரைக்கும் பசையைப் பொட்டாக வைத்து, ரப்பர் உறிஞ்சி உள்ள கோலை அதன் தலையில் ஒட்டி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே மத்துக் கடைவதுபோல் உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பசை தேயத் தேய அது மழுங்கி வழுக்கத் தொடங்கும். உடனே தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி உருட்ட வேண்டும். மாமாவுக்குக் கண் தெரியாவிட்டாலும் காது விடவில்லை. "இப்போது தூக்கு" என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. துடைத்துப் பார்த்தபோது விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம். வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளை மூடிய நிலையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. மாமா என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

தொழிற்கல்லூரியில் படிக்கும் எங்கள் தாமான் தம்பிக்கும் நன்றி. மேக்னெட் சக்கரத்தின் T குறியை எஞ்சின் உடலில் உள்ள கோட்டுக்கும், வால்வுகளைத் திறக்கும் கேமின் பற்சக்கரத்து O குறியை ஹெட்டில் உள்ள வெட்டுக்கும் நேர்நிறுத்திச் செயினை மாட்ட வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும் என்பதை அவன் தாளில் படம் போட்டுப் புரியவைத்தான். மாட்டிய பிறகும் கையால் மெதுவாகச் சுற்றி, குறிகள் திரும்ப நேர்வருகின்றனவா என்று பார்க்காமல் மூடவே விடவில்லை. பொறுப்பான பிள்ளை. இவனைப் போன்ற பிள்ளைகளை நம் ஊரிலேயே தொழில் செய்ய வைக்க நாம் எல்லோரும் முயல வேண்டும்.

என் கணவரும் பிள்ளைகளும் முன்கூடத்து மண்ணெண்ணெய் வாடையைப் பொறுத்துக்கொண்டார்கள். அதற்கும் நன்றி.

எஞ்சின் முதலில் பற்றியபோது லேசாக டக்டக்கென்றது. அம்மா உள்ளேயிருந்து வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். "டேப்பெட் தளர்வாக இருக்கிறது, ஆறட்டும், பிறகு பார்" என்றார். ஆறிய பின் வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீட்டருக்கு வைத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. இவ்வளவு தெரிந்தவர் ஒரு முறைகூட என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கவில்லை. மாமாவும் பாக்சிக்கும் தம்பியும் அப்படித்தான். தாங்களே செய்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். என் கை பழகட்டும் என்று அவ்வளவு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பொறுமைதான்.

பாக்சிக்கின் திருப்புளியை எண்ணெய் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வால்வு அரைக்கும் கோல், மீதிப் பசை, இடைவெளி பார்க்கும் தகடுகள் ஆகியவை என்னிடம் இருக்கின்றன. வீட்டில் பழைய மோட்டார் வைத்திருந்து தாங்களே பிரிக்க நினைப்பவர்கள் மாலை வேளைகளில் வந்து இரவல் வாங்கிக்கொள்ளலாம். மாமாவிடம் கேட்டுவிட்டேன், நாற்காலி போட்டால் போதும், வருகிறேன் என்றார்.

நன்றியுடன்,
சி70 அம்மாவின் மகள்
சுங்கை சிப்புட், பேராக்