டீ மசாலா பாக்கெட்டில் அந்தப் பச்சை ஸ்டிக்கர் ஏன் இல்லை?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் எங்கள் டீ மசாலா வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். 'சளி, சர்க்கரை, கொழுப்பு மூன்றுக்கும் நல்லது' என்று பாக்கெட்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காணோம். "சரக்கை மாத்திட்டீங்களா?" என்று சிலர் கடைக்கே வந்து கேட்டார்கள். பொடி அதேதான். ஸ்டிக்கரை எடுத்தது நாங்கள்தான்.

வழக்கமாக வரும் ஒரு பெரியவர், சர்க்கரை நோய்க்காரர், போன மாதம் இரண்டு பாக்கெட்டாக வாங்கினார். "மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டேன் தம்பி, அதான் உங்க டீயைக் குடிக்கிறேன்ல" என்று சிரித்தார். எங்களுக்குப் பகீரென்றது. உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த ஸ்டிக்கரை அன்று மாலையே குப்பையில் போட்டோம். உணவுப் பொருளின் மேல் 'நோயைக் குணமாக்கும்' என்று எழுதச் சட்டமும் விடாது. முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், தப்பு எங்கள்மேல்தான்.

அப்படியானால் இதில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அளவோடு. எங்கள் பொடியில் பாதி சுக்கு. மீதி ஏலக்காய், மிளகு, சுருள் பட்டை, கொஞ்சம் கிராம்பு. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகாலாக மாறுகிறது. இஞ்சியைவிடச் சுக்கு சுள்ளென்று இருப்பது அதனால்தான். குமட்டலுக்கு இஞ்சி கேட்கும் என்பது பாட்டி சொன்னது மட்டுமில்லை, ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் கொடுத்தது நாளைக்கு 1 கிராம் அளவு. நீங்கள் ஒரு டம்ளருக்குப் போடும் கால் டீஸ்பூன் பொடி அரை கிராம் தேறும், அதில் சுக்கு கால் கிராம். ஆக, அந்த 1 கிராமுக்கு நான்கு டம்ளர் குடிக்க வேண்டும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் நான்கு டம்ளரில் 35, 40 கிராம் சீனி உள்ளே போய்விடும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருப்பட்டி போட்டுக் குடிப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.

சளிக்கு? சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கும் கொஞ்சம் விடும். சளி போவதென்னவோ தன் போக்கில்தான். பட்டை சர்க்கரையைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். நிறைய உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. அதனால்தான் விலை கூடினாலும் இலங்கைச் சுருள் பட்டையை வாங்குகிறோம். சுருட்டுப்போல மெல்லிய ஏடுகள் உள்ளுக்குள் சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும்.

'சுக்குக்குப் புறநஞ்சு' என்பார்களே, அதன்படி தோலைச் சீவித்தான் அரைக்கிறோம். மிஷினில் போடும் முன் இரண்டு அக்காக்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சுரண்டுவார்கள். மழை நாளில் அரைக்கவே மாட்டோம், ஈரம் பட்டால் கட்டி பிடித்துவிடும்.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். முருங்கைக்கீரைப் பொரியலும் சோறும் சாப்பிட்டுவிட்டு உடனே டீ குடித்தால், கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீ தடுத்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடச் சொல்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. ரத்தசோகை இருக்கும் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு எங்கள் மிளகுக் காரம் ஒத்துக்கொள்ளாது.

அப்புறம், "உங்கள் மசாலா போட்டால் பால் திரிகிறது" என்று ஒரு புகார். விசாரித்தால், அவர்கள் பொடியோடு பச்சை இஞ்சியையும் தட்டி நேரே பாலில் போட்டிருக்கிறார்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி உண்டு. இஞ்சியைத் தண்ணீரில் மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பால் ஊற்றுங்கள். பொடியையும் அந்தத் தண்ணீரிலேயே போடலாம்.

டப்பாவை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள், ஏலக்காய் வாசம் பறந்துவிடும். பழைய பாக்கெட் வீட்டில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஸ்டிக்கரை மட்டும் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மசாலாக் கடை,
போடிநாயக்கனூர்