மீட்டரை மாற்றினால் பழக்கம் மாறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர், அதாவது மின்செலவை அவ்வப்போது பதிந்து மின்நிறுவனத்துக்கு அனுப்பும் மீட்டர், பொருத்தப்பட்டுவிட்டால் மின்செலவு தானாகவே குறைந்துவிடும் என்று அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை ஒன்று கூறியிருந்தது. கட்டுரையாளரின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. 'தானாகவே' என்ற சொல்லில்தான் ஐயம். மீட்டரின் வேலை அளப்பது. அளந்த கணக்கு வீட்டிலுள்ளவர்களுக்கு எப்போது எட்டுகிறது, எந்த வடிவில் எட்டுகிறது, எத்தனை நாள் தொடர்ந்து எட்டுகிறது என்பதைப் பொறுத்தே பழக்கம் மாறுவதும் மாறாததும் அமைகின்றன. இதைப் பற்றி 1970-களிலிருந்தே ஆய்வுகள் நடந்துவருகின்றன என்பதால், நான் படித்தறிந்த சிலவற்றை இங்கே முன்வைக்கிறேன்.

எந்தப் பொருளின் மீதும் விலை எழுதப்படாத ஒரு கடையில் வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, மாதக் கடைசியில் 'எடுத்தது இத்தனை அலகு, கட்ட வேண்டியது இவ்வளவு' என்று ஒரே வரியில் ஒரு சீட்டைப் பெறுவதாக எண்ணிப் பாருங்கள் என்றார் வில்லெட் கெம்ப்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சக ஆய்வாளருடன் எழுதிய கட்டுரையொன்றில். எதற்கு எவ்வளவு போயிற்று என்றே தெரியாதவர் அடுத்த மாதம் எதைக் குறைப்பார்? மின்கட்டணச் சீட்டு இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் ஹீட்டருக்கு ஒரு வரியில்லை, ஏசிக்கு ஒரு வரியில்லை, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிக்கும் ஒரு வரியில்லை. செயலுக்கும் கணக்குக்கும் இடையே பல வாரங்கள் கடந்துவிடுவதால், எந்த நாள் செய்த எதற்காக இந்தத் தொகை என்று நினைவுபடுத்திப் பார்க்கவும் வழியில்லை.

கணக்கு தெரியாத இடத்தை ஊகம் நிரப்புகிறது. அந்த ஊகம் பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. 2010-இல் ஷாஜீன் அத்தாரியும் அவருடைய குழுவினரும் 505 அமெரிக்கர்களிடம் பல்வேறு கருவிகளின் மின்செலவை மதிப்பிடச் சொன்னபோது, மக்கள் சராசரியாக உண்மைச் செலவை 2.8 மடங்கு குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று தெரியவந்தது. சிறிய கருவிகளைப் பொறுத்தவரை ஊகத்துக்கும் உண்மைக்கும் இடைவெளி அதிகமில்லை; மிகுதியாக இழுக்கும் கருவிகளில்தான் பெருந்தவறு நேர்ந்தது. நம் கண்ணுக்கு விளக்கு தெரிகிறது, வெந்நீர் தெரிவதில்லை என்பதே இதன் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2,000 வாட் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட் செலவாகிறது. அதே அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு 55 மணி நேரத்துக்கு மேல் எரியும். ஆளில்லாத அறையில் விளக்கெரிகிறது என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள், ஹீட்டரை அணைக்க மறந்ததற்காகத் தங்களைக் கடிந்துகொள்வதில்லை. நானும் இதற்கு விலக்கல்ல.

கணக்கைச் செயலுக்கு அருகே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதைத் தொடக்ககால ஆய்வுகள் காட்டின. 1977-இல் வெளியான செலிக்மன், டார்லி ஆகியோரின் ஆய்வில், கோடைக்காலத்தில் அன்றாட மின்செலவு தெரிவிக்கப்பட்ட வீடுகள், தெரிவிக்கப்படாத வீடுகளைவிட 10.5 விழுக்காடு குறைவாகச் செலவிட்டன. மறு ஆண்டில் வெளியான பெக்கரின் ஆய்வு இன்னும் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. செலவை 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற கடினமான இலக்கோடு, எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்ற தகவலையும் வாரம் மூன்று முறை பெற்ற குடும்பங்கள் 13 முதல் 15 விழுக்காடு வரை குறைத்தன. இலக்கு மட்டும் தரப்பட்டுத் தகவல் தரப்படாத குடும்பங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கணக்கு இல்லாத இலக்கு வெறும் ஆசையாகவே நின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் வீடுகளின் எரிவாயுச் செலவை நாள்தோறும் காட்டும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்து 1989-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும் சேமிப்பு 12 விழுக்காட்டை ஒட்டி வந்தது.

இந்த எண்களைப் பார்த்தே பலர் உற்சாகம் கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அவை பெரும்பாலும் சில பத்து அல்லது சில நூறு வீடுகளில், சில வாரங்களோ மாதங்களோ நடந்த ஆய்வுகளின் எண்கள். 1975 முதல் 2012 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து டெல்மாஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரிச் சேமிப்பு 7.4 விழுக்காடு. வானிலை, குடும்ப அமைப்பு போன்றவற்றைக் கணக்கில் கொண்டு கறாரான முறையில் நடத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 2 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. அதே 2013-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னும் சங்கடமானது. 'உங்கள் வீடு மின்செலவு பற்றிய ஓர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது' என்று அஞ்சலட்டை மட்டும் அனுப்பப்பட்ட வீடுகளில், வேறு எந்தத் தகவலும் உதவியும் தரப்படாமலேயே, 2.7 விழுக்காடு செலவு குறைந்தது. அஞ்சலட்டை நின்றதும் அந்தக் குறைவும் நின்றது. தம்மை யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தின் விளைவு எவ்வளவு, தகவலின் விளைவு எவ்வளவு என்று பிரித்தறியாமல் ஓர் ஆய்வின் எண்ணை எடுத்துத் திட்டம் தீட்டுவது சரியன்று.

அண்டை வீட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் முறையைப் பற்றியும் கூற வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், அக்கம்பக்கத்துச் சராசரி எவ்வளவு என்று வீடுகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. சராசரிக்கு மேல் செலவிட்டவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் சராசரிக்குக் கீழே சிக்கனமாக இருந்தவர்கள், தங்களுக்கு இன்னும் இடமிருக்கிறது என்று எண்ணினார்களோ என்னவோ, செலவைக் கூட்டிவிட்டார்கள். சிக்கனமாக இருந்தவர்களின் சீட்டில் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்து பாராட்டியதும் அந்தக் கோளாறு மறைந்தது. இதை அடியொற்றி அமெரிக்காவில் ஓபவர் நிறுவனம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒப்பீட்டு அறிக்கைகளை அஞ்சலில் அனுப்பியது. 6 லட்சம் வீடுகளின் விவரங்களை ஆராய்ந்து ஹண்ட் ஆல்காட் 2011-இல் கண்டறிந்த சராசரிச் சேமிப்பு 2 விழுக்காடு. மிகுதியாகச் செலவிட்டுவந்த பத்தில் ஒரு பங்கினர் 6.3 விழுக்காடு குறைத்தார்கள். மிகக் குறைவாகச் செலவிட்டுவந்த பத்தில் ஒரு பங்கினரிடம் கிடைத்தது 0.3 விழுக்காடுதான். குறைப்பதற்கு ஏதும் இல்லாத வீட்டுக்கு அறிக்கைமேல் அறிக்கை அனுப்புவதில் பயனில்லை. முதியவர்களும் நோயாளிகளும் உள்ள வீடாக இருந்தால், தேவையான மின்விசிறியைக்கூட அணைத்துவைக்கும் அச்சத்தை அது உண்டாக்கக்கூடும்.

பணக் கணக்கு மட்டுமே மனத்தை அசைக்கும் என்ற நம்பிக்கையும் ஆய்வில் நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 118 குடியிருப்புகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், இவ்வளவு பணம் மிச்சமாகும் என்ற செய்தி பயன் தரவில்லை. மின்சாரம் தயாரிப்பதால் காற்று மாசடைந்து குழந்தைகளுக்கு ஆஸ்துமா போன்றவை வருகின்றன என்பதைத் தெரிவித்த செய்தி 8 விழுக்காடும், குழந்தைகள் உள்ள வீடுகளில் 19 விழுக்காடும் செலவைக் குறைத்தது. மிச்சமாகும் தொகை சில்லறையாக இருக்கும்போது, அதைச் சொல்வதே 'இதற்காகவா இவ்வளவு பாடு' என்ற சலிப்பைத் தருகிறது போலும்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மின்செலவை நொடிக்கு நொடி காட்டும் சிறிய கருவியொன்றை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். முதல் இரண்டு வாரங்கள் வீட்டில் திருவிழாதான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம். ஹீட்டரைப் போட்டதும் எண் தாவியதைக் கண்டு என் மகள் கூவியது இன்னும் காதில் இருக்கிறது. ஹீட்டரை முன்கூட்டியே போட்டுவைக்கும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது. மூன்றாவது வாரத்தில் நான் அந்த எண்ணைக் காட்டி மற்றவர்களைக் கண்காணிக்கத் தொடங்கியதால் வீட்டில் மனத்தாங்கல் வந்தது. நான்கைந்து மாதங்கள் கழித்துக் கருவியின் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததைத் தற்செயலாகக் கவனித்தபோது, அது எப்போது தீர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஹீட்டர் பழக்கம் திரும்பிவரவில்லை. எண்ணைப் பார்ப்பது நின்றுவிட்டது, எண் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் மட்டும் தங்கிவிட்டது.

ஆல்காட்டும் டாட் ராஜர்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதையே பெரிய அளவில் காட்டுகிறது. மேலே சொன்ன ஒப்பீட்டு அறிக்கைகளில் முதலாவது வந்ததும் வீடுகள் செலவைக் குறைக்கின்றன, சில நாள்களில் தளர்கின்றன, அடுத்த அறிக்கை வந்ததும் மறுபடி விழித்துக்கொள்கின்றன. அறிக்கைகள் இரண்டாண்டுகள் தொடர்ந்த பிறகு நிறுத்தப்பட்டால், விளைவு உடனே மறைந்துவிடாமல் ஆண்டுக்கு 10 முதல் 20 விழுக்காடு என்ற வேகத்தில் மெல்லத் தேய்கிறது. எனவே மின்சாரம் வழங்கும் நிறுவனங்கள் மீட்டர் பொருத்துவதோடு தம் பணி முடிந்ததாகக் கருதாமல், எந்தக் கருவிக்கு எவ்வளவு செலவாகிறது என்ற தோராயமான பிரிப்பையேனும், செலவான மறுநாளே, செயலி திறக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் வகையில், குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து தர வேண்டும். தங்கள் நாளிதழும் இனி இத்திட்டங்களைப் பற்றி எழுதும்போது, எத்தனை மீட்டர்கள் பொருத்தப்பட்டன என்ற எண்ணோடு, பொருத்தி இரண்டாண்டுகள் கழித்து அதே வீடுகளின் செலவு என்ன, மீட்டர் மாற்றப்படாத வீடுகளின் செலவு என்ன என்பதையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்