'மாயப் போர்வை' கட்டுரை பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், மெல்லிய கால்வாய்களில் நீரை ஓட்டும் நுண்பாய்மவியல் (மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்) சிப் பற்றிய 'மாயப் போர்வை' கட்டுரையில், "இந்தச் சிப்பில் வைத்த பொருள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்" என்று ஒரு வரி. நுண்ணோக்கியில் பார்த்தால் பொருள் அங்கேயேதான் நிற்கும். இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகத்தில் மோரான் பெர்கோவிசியின் குழுவினர் 2021-இல் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் ஆய்விதழில் காட்டியது ஓட்டத்தின் மறைப்பை. இரு தட்டுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளியில் ஓடும் நீர், குறித்த எல்லைக்கு வெளியே, தடையே இல்லாததுபோல் நேராக ஓடும். பொருளின் மீது ஓட்டத்தின் விசை படாமல் காப்பது வேறொரு நிபந்தனை. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது.

இந்த ஓட்ட மறைப்பைச் செய்வது எலெக்ட்ரோஆஸ்மாசிஸ், அதாவது மின்புலத்தால் நீரை நகர்த்துவது. அதை 'மின்சவ்வூடு பரவல்' என்று தங்கள் இதழ் எழுதுவது இது முதல்முறை அல்ல. இங்கே சவ்வு எங்கே இருக்கிறது? சுவரின் மின்னூட்டத்தை ஒட்டிச் சேர்ந்த அயனிகளை மின்புலம் இழுக்கிறது, அவற்றோடு நீரும் நகர்கிறது. ஸீட்டா மின்னழுத்தம் (சுவரை ஒட்டிய நீரில் சுவரின் மின்னூட்டத்தால் எழும் மின்னழுத்தம்) 50 மில்லிவோல்ட், புலம் சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் என்றால் வேகம் வினாடிக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர். சுவரில் காப்புப் பூச்சுக்கு அடியில் பதித்த கேட் மின்முனையின் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனையின்) வோல்ட்டேஜை மாற்றினால் அந்த இடத்து ஸீட்டா மாறும், ஓட்டமும் மாறும். பூச்சில் ஊசித்துளை இருந்தால் மின்சாரம் கசிந்து குமிழி கிளம்பும். மின்பகுப்பால் நீர்த்தொட்டியின் பிஹெச் (அமில-காரத் தன்மை) நகர்ந்தால் ஸீட்டாவும் நகரும், பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலான பஃபரை அடிக்கடி மாற்றியாக வேண்டும். "நாளையே இரத்தத்தில் பயன்படும்" என்று முடித்திருக்கிறீர்கள். இரத்தத்தின் உப்பில், சுவரை ஒட்டிய அயனிப் படலம் ஒரு நானோமீட்டருக்கும் கீழே சுருங்கும், கேட்டின் பிடி தளரும். தாங்கள் அறியாததல்ல.

துகள் பிடிக்கும் பொறியைப் பற்றி முன்பு எழுதியபோதும் "சுழலின் நடுவே துகள் சிக்குகிறது" என்றீர்கள். துகளைப் பிடிப்பது சிலுவை வடிவக் கால்வாயின் நடுவே நீரின் வேகம் சுழியாகும் தேக்கப் புள்ளியில், அங்கே சுழலே இல்லை. ஓர் அச்சில் நீர் துகளை மையத்துக்குத் தள்ளும், மற்ற அச்சில் வெளியே இழுத்துப் போகும். நீட்சி வீதம் (மையத்திலிருந்து விலக விலக நீரின் வேகம் கூடும் விகிதம்) வினாடிக்கு 10 என்றால், ஒரு மைக்ரான் விலகிய துகள் 0.1 வினாடியில் 2.7 மைக்ரான் தள்ளிப்போய்விடும். அதற்குள் கேமரா பார்த்து, வால்வு வெளியேறும் பக்கத்து அழுத்தத்தைத் திருத்த வேண்டும். கடினமான பகுதி அதுதான், அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதே கட்டுரையில் 'கொந்தளிக்கும் நீரோட்டம்' வேறு! 100 மைக்ரான் கால்வாயில் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) 0.1. குழாயில் கொந்தளிப்பு வர 2000-ஐத் தாண்ட வேண்டும்.

இந்தத் துறையைத் தமிழில் படிக்க ஆசைப்படும் மாணவர்கள் தங்கள் இதழைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆகவே அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தமும், அளவுகோலுடன் ஓட்டக்கோடுகள் வரைந்த ஒரு படமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்