சார்ஜைக் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய்ச் சேரும் ரூபாயைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பணம் அனுப்பப் போனால், எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் முதலில் கேட்பது "சார்ஜ் எவ்வளவு?" என்றுதான். ஆனால் பணம் அதிகம் கரைவது ரேட்டில், அதாவது ஒரு திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் தருகிறார்கள் என்பதில்.

கணக்குக்காக, கையில் 3,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் சார்ஜ் 15 திர்ஹம், ரேட் 22.90. மீதி 2,985 திர்ஹத்துக்கு ஊரில் 68,356 ரூபாய் விழும். அடுத்த கடையில் 'சார்ஜ் இல்லை' என்று பலகை, ரேட் 22.50. அங்கே 67,500தான். இலவசம் என்று நம்பி 856 ரூபாயை விட்டுவிட்டு வருகிறார்கள். முதல் கடையிலேயே ஆயிரம் ஆயிரமாக மூன்று தடவை அனுப்பினாலும் 687 ரூபாய் வீண். 2030க்குள் பணம் அனுப்பும் செலவை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது, உலக வங்கி அந்தச் செலவைக் கணக்கிடும்போது சார்ஜோடு ரேட் வித்தியாசத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அனுப்புகிறவரும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

ரேட் கூடுதல் என்று உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஹவாலா ஆட்கள் மூலம், அனுப்புவது இதைவிட ஆபத்து. மனைவியின் கணக்கில் பணம் போடுவது முன்பின் தெரியாத யாரோ ஒருவர். அது சைபர் மோசடிப் பணமாக இருந்தால், எங்கோ வடமாநிலத்தில் பதிவான புகாருக்கு இங்கே கணக்கு முடக்கப்படும். சம்பளப் பணம் என்று காட்ட ரசீதும் இருக்காது. பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அந்தக் குடும்பம் படும் பாடு கொடுமை.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதக்கூடாது. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தபின் அந்தக் கிளைகளின் எண்கள் மாறிவிட்டன.

வெளிநாடு போனவர் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது விதிப்படி தவறு, அதை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான) கணக்காக மாற்றவேண்டும். சம்பளம் அனுப்ப என்.ஆர்.இ. (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும்) கணக்குதான் சரி, வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. வீட்டுச் செலவுக்கு மனைவி பணம் எடுக்க வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுத்தால் போதும்.

வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகம் நடத்தும் பயிற்சியில் பணம் அனுப்பும் இந்தக் கணக்குப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும். உண்மையான ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, ரேட், சார்ஜ், போய்ச் சேரும் தொகை மூன்றையும் அவர்களையே வட்டமிடச் சொல்லவேண்டும்.

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், இராமநாதபுரம்