சனிக்கிழமை இரவு: விளக்கு கொண்டுவருபவர்கள் கவனத்திற்கு

நண்பர்களே, வணக்கம். சனிக்கிழமை இரவு விளக்கொளியால் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பார்க்கப் போகிறோம் அல்லவா, அதற்கான விளக்குகள் பற்றிச் சில குறிப்புகள்.

புற ஊதா எல்.இ.டி. வாங்குபவர்கள் 365 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) என்று குறித்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395. நம் கண்ணுக்கு அவைதான் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்துப்பூச்சியின் கண் கூர்மையாக உணர்வது 350ஐ ஒட்டிய ஒளியை. எல்.இ.டி.யை பேட்டரியில் நேராகச் சொருகாதீர்கள், மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் டிரைவர் வேண்டும். 12 வோல்ட்டில் 20 வாட் விளக்கு ஏறக்குறைய 1.7 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அதை பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே வையுங்கள். கம்பி நீளமானால் தடிமனும் கூடட்டும்.

பாதரச ஆவி விளக்கு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருத்தமான சோக் என்னும் மின்னோட்டக் கட்டுப்படுத்தி இல்லாமல் அதை எரிக்கவே வேண்டாம் (சோக் உள்ளேயே அமைந்த வகை என்றால் சரி). சூடான கண்ணாடியில் மழைத்துளி பட்டால் விரிசல் விடும். வெளிக்கண்ணாடி உடைந்த விளக்கைத் தொடவே தொடாதீர்கள்: அதிலிருந்து வரும் குற்றலை (குறைந்த அலைநீள) புற ஊதா கண்ணையும் தோலையும் புண்ணாக்கிவிடும். அணைத்தால் ஆறிய பிறகே மீண்டும் எரியும், பொறுமையாக இருங்கள்.

எல்லோரும் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி அணிந்து வாருங்கள். பூச்சிகள் வந்து அமர வெள்ளைத் துணி நான் கொண்டுவருகிறேன்.