வீட்டுல மிச்சமான, காலாவதியான மாத்திரை மருந்த திருப்பி வாங்க ஏற்பாடு பண்ணித் தரக் கோரி மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

ஐயா, வணக்கமுங்க.

எங்க மாமியார் தவறி மூணு மாசம் ஆச்சுங்க. போன வாரம் பீரோ மேல இருந்த பிஸ்கட் டப்பாவ இறக்கினா உள்ள பூரா மாத்திரை. சுகர், பிரஷர், தைராய்டு, டாக்டர் டோஸ் மாத்தினதும் அப்படியே நின்னுபோன பழைய அட்டைங்க, பையனுக்கு காய்ச்சல்னு வாங்கி பாதி மிச்சமான ஆன்டிபயாட்டிக் சிரப் (அது தண்ணி ஊத்தி கலக்கிட்டா ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல தாங்காது, நாம மறு காய்ச்சலுக்குன்னு எடுத்து வெப்போம்), பிரிக்காத இன்சுலின் பேனா ரெண்டு. பாதி அட்டைல தேதியே இல்லீங்க, கடைல நாலு மாத்திரை கேட்டா வெட்டித் தர்றாங்க, தேதி இருக்கற பக்கம் கடையிலயே நின்னுடுது.

வாங்கின மெடிக்கல்லயே கொண்டுபோய் கேட்டேன், எங்க ஸ்டாக்கத்தான் கம்பெனிக்கு ரிட்டர்ன் பண்ணுவோம், இத குப்பைல போட்டுடுங்கன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா டாய்லெட்ல கொட்டி தண்ணி ஊத்துன்னாங்க, வீட்டுக்காரர் கொல்லைல போட்டு கொளுத்திடலாம்னார். குப்பைல போட்டா தூய்மைப் பணியாளருங்க அத கையாலதான் பிரிக்கறாங்க, ஊசி குத்தினா யாரு பாக்கறது. டாய்லெட்ல போட்டா செப்டிக் டேங்க், சாக்கடை, அப்புறம் நொய்யல்னு போய், ஆன்டிபயாட்டிக்குக்கு பழகிப்போன கிருமி வளர இடம் கொடுக்குது. கொளுத்தற புகை நம்ம மூக்குக்குத்தான்.

2025 மே மாசம் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க. அதுல ஃபென்டானில், மார்ஃபின், டிரமடால் மாதிரி கடுமையான வலி மருந்துங்க உட்பட 17 மருந்த மட்டும் டாய்லெட்ல ஊத்திடலாம், வேற யாராவது தெரியாம சாப்பிட்டா உயிருக்கே ஆபத்துங்கறதால. மத்ததெல்லாம் திருப்பி வாங்கற இடத்துல கொடுக்கணுமாம். சரிங்க, அந்த இடம் எங்க இருக்கு?

2016 திடக்கழிவு விதியிலயே காலாவதி மருந்த வீட்டு அபாயக் கழிவுன்னு சொல்லி, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம்னு எழுதியிருந்தாங்க. நம்ம மாநகராட்சி 257 சதுர கிலோமீட்டர், கணக்குக்கு 13 மையம் வருது. எந்த மையம் எங்க, எத்தன மணிக்கு திறக்கும்னு ரேஷன் கடை சுவத்துல ஒரு போர்டு வெச்சாலே பாதி வேலை முடிஞ்சதுங்க.

ஆனா எனக்கு தோணறது இன்னொண்ணு. மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுத்துட்டு போறாங்க, 2021ல இருந்து நடக்குது, நல்ல திட்டம்ங்க, எங்க மாமியாரே அதுல வாங்கினவங்கதான். மாத்திரை கொண்டுவர்ற அதே பைல போன தடவ மிச்சமானத திருப்பி வாங்கிட்டு போகட்டுமே. அவங்களுக்கும் யாரு மாத்திரை போடாம விடறாங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சுடும். சும்மா இல்லாம இந்த வேலைக்கு தனியா ஊக்கத்தொகையும் கொடுக்கணும், ஏற்கனவே அவங்களுக்கு வேலை ஜாஸ்தி. வாளையார் தாண்டினா கேரளா, அங்க 2025 பிப்ரவரில கோழிக்கோடு மாநகராட்சியிலயும் உள்ளியேரி பஞ்சாயத்துலயும் வீட்டு மருந்த சேகரிச்சு முறையா அழிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நமக்கும் ஆஸ்பத்திரி கழிவ எரிக்கற பொது மையம் இருக்கறப்ப அதுகூட சேர்த்து அனுப்ப என்ன தடைங்க?

அதனால முதல்ல ரெண்டு மூணு வார்டுலயாவது இத ஆரம்பிச்சு, மெடிக்கல் கடைங்க வாசல்ல பூட்டு போட்ட பெட்டி வைக்கவும், வெட்டித் தர்ற அட்டைக்கு கவர்ல தேதி எழுதித் தரவும் மருந்து கட்டுப்பாட்டுத் துறை மூலமா உத்தரவு போடணும்னு கேட்டுக்கறேன். டப்பா மறுபடி பீரோ மேலதான் இருக்குங்க, சின்னவன் எட்டாத உயரத்துல. எங்க கொண்டு வரணும்னு சொன்னா அன்னைக்கே கொண்டு வந்து கொடுத்துடறேன்.

இப்படிக்கு,
ஒரு குடும்பத் தலைவி,
கோவை மாநகராட்சி பகுதி.