தோட்டத்துப் பிற்பகல்களைத் தேர்வுப் பயிற்சிக்குக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். வட கரோலினாவின் ராலே வட்டாரத்தில் நம் பிள்ளைகள் பயிலும் தொடக்கநிலைச் சார்ட்டர் பள்ளியின் (பொதுப் பணத்தில், மாநிலத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தனிக் குழு நடத்தும் பள்ளி) நிர்வாகக் குழுவுக்கு அனுப்புவதற்கென்று ஒரு மனு, தமிழ்க் குடும்பங்களாகிய நம்மிடையே சில வாரங்களாகச் சுற்றி வருகிறது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு பிற்பகல்களைத் தோட்டத்திலும் பணிமேசையிலும் செய்முறையாகக் கற்பதில் கழிப்பதை ஜனவரி முதல் மே வரை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை ஆண்டிறுதித் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் எனக்கு நன்கு தெரிந்தவர்கள். ஆனாலும் அதில் என்னால் கையெழுத்திட இயலவில்லை. காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

மனுவுக்குப் பின்னால் இருக்கும் கவலை பொய்யானதன்று. இந்த மாநிலத்தின் பொதுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்புக்கும் கணிதத்துக்கும் ஆண்டிறுதித் தேர்வு உண்டு. பொதுப் பணத்தில் நடப்பதால் சார்ட்டர் பள்ளிகளுக்கும் அதிலிருந்து விலக்கில்லை. அந்தத் தேர்வுகளைக் கொண்டுதான் மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தைத் தருகிறது. அந்த எழுத்தில் 80 விழுக்காடு தேர்ச்சி நிலையைச் சார்ந்தது; பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கு 20 விழுக்காடுதான் இடம். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்யும் சட்டம் 2012இல் வந்தது. விதிவிலக்குகள் பல இருந்தும் அந்த அச்சம் வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது. வீடு பார்க்கப் போனாலே சமையலறைக்கு முன்பாகப் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள் நாம். ஆகவே கவலைப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பிற்பகல்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மனு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் முறையீடு.

ஒரு பாடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இவ்வட்டாரத்து மண் செங்களிமண்; காய்ந்தால் ஓடு போல இறுகிவிடும். அதனால் பலகை அடித்து, அதற்குள் நல்ல மண் நிரப்பித்தான் பாத்தி போட வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பிள்ளைகளிடம் வைத்த கேள்வி இதுதான்: மொத்தம் 16 அடி நீளத்துக்குப் பலகை இருக்கிறது, அதனால் அடைக்கும் செவ்வகப் பாத்தியில், ஒரு சதுர அடிக்கு ஒரு செடி என்ற கணக்கில், எத்தனை மிளகாய்ச் செடிகள் வைக்கலாம்? பலகை மாறாதபோது செடிகளின் எண்ணிக்கையும் மாறாது என்று பெரும்பாலான பிள்ளைகள் முதலில் உறுதியாகச் சொன்னார்கள். பிறகு 16 அடிக் கயிற்றைத் தரையில் பரப்பி, நான்கு மூலைகளிலும் நான்கு பேர் நின்றுகொண்டு, 7 அடிக்கு 1 அடி, 6க்கு 2, 5க்கு 3, 4க்கு 4 என்று இழுத்துப் பார்த்தார்கள். ஓரடிச் சதுர அட்டைகளை உள்ளே அடுக்கியபோது முறையே 7, 12, 15, 16 அட்டைகள் கொண்டன. ஒரே கயிறு ஏழு செடிகளையும் அடைக்கிறது, பதினாறு செடிகளையும் அடைக்கிறது என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. இருவர் அட்டைகளை மறுபடியும் எண்ணினார்கள்.

பாடம் அங்கே முடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். மறுநாள் அதே நான்கு பாத்திகளையும் கட்டத்தாளில் வரைந்தார்கள். அதன் பிறகே நீளத்தை அகலத்தால் பெருக்குவதும் நான்கு பக்கங்களைக் கூட்டுவதும் கரும்பலகைக்கு வந்தன. முதலில் செயல், பிறகு படம், அதற்குப் பிறகு குறியீடு என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களிலேயே விளக்கியிருக்கிறார். பரப்பளவும் சுற்றளவும் மூன்றாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதும் அங்கேதான். மனு கேட்கும் பயிற்சித்தாள்களில் இதே கணக்கு இருபது முறை வரலாம். ஆனால் சுற்றளவு மாறாமலே பரப்பளவு மாறும் என்று தெரியாத பிள்ளை, இருபது முறையும் எந்தச் சூத்திரம் என்று ஊகித்துத்தான் விடை எழுதும்.

செய்முறைக் கல்வி என்ற பெயரில் நடப்பதெல்லாம் இப்படிப்பட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான பதில். பசையும் மினுமினுப்புத் தூளும் தீர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்காத புராஜெக்டுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்கு அப்பாக்கள் செய்து முடிக்கும் சூரியக் குடும்பத்து மாதிரிகளும் அவற்றுள் அடக்கம். பிள்ளைகளைப் பொருள்களோடு விட்டுவிட்டால் தாமாகவே எல்லாவற்றையும் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 2004இல் எழுதினார். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் இன்னும் கடுமையாக எழுதினார்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு வழிகாட்டுதல் குறையக் குறையக் கற்றலும் குறைகிறது என்பது அவர்களது வாதம். இதை நான் ஏற்கிறேன். கயிற்றுப் பாடத்தில் கேள்வியை ஆசிரியர்தான் தேர்ந்தெடுத்தார். கயிற்றின் நீளத்தையும் அவரே தீர்மானித்தார். கட்டத்தாளுக்கு எப்போது நகர வேண்டும் என்பதும் அவருடைய முடிவு. கை வேலை செய்தது, ஆனால் பாடத்தை நடத்தியது ஆசிரியர்.

இந்த முறை நம்மில் பலருக்குப் புதிதுமன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப்புறப் பள்ளிகளுக்காக உருவான, பாடங்களை ஏணிப்படிகள் போல் வரிசைப்படுத்தி அட்டைகள் மூலம் கற்கும் முறையிலிருந்து வந்தது. அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டால் பாடம் நடந்துவிடாது என்பது அங்கும் இங்கும் ஒன்றே. இந்த நாட்டிலிருந்து கிடைக்கும் சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் குலுக்கல் மூலம், பொருள்களைக் கையாண்டு கற்கும் பொது மாண்டிசோரிப் பள்ளிகளில் இடம் பெற்ற சிறு பிள்ளைகளையும், அதே குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களையும் உளவியலாளர் ஏஞ்சலின் லிலார்டு குழுவினர் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், இடம் பெற்றவர்கள் படிப்பில் முன்னேறியிருந்தார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளியும் அப்பள்ளிகளில் சுருங்கியிருந்தது. அவர்கள் மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள், அவை சார்ட்டர் பள்ளிகளுமல்ல; ஆகவே அதை அப்படியே நம் பள்ளிக்குப் பொருத்த முடியாது. ஆயினும் கைகளால் கற்பது மதிப்பெண்ணுக்குப் பகை என்ற எண்ணத்துக்கு அது இடம் தரவில்லை.

இனிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பற்றி. மனுவில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது இதுதான். அமெரிக்க ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷாங்கர் 1988இல் சார்ட்டர் பள்ளி என்ற கருத்தைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தபோது, ஆசிரியர்கள் புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கும் இடங்களாகவே இப்பள்ளிகளை எண்ணினார். சில ஆண்டுகளிலேயே அவர் அதிலிருந்து விலகிவிட்டார் என்பது வேறு கதை. 1991இல் மின்னசோட்டா முதல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை இயற்றியது. வட கரோலினா 1996இல் இயற்றியது. நூறு பள்ளிகளுக்கு மேல் கூடாது என்று இங்கிருந்த வரம்பு 2011இல் நீக்கப்பட்டது. இன்ன முறையில் கற்பிப்போம் என்று பள்ளி எழுதிக் கொடுத்து மாநிலத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் அந்தச் சார்ட்டர். பாட நேரத்தைச் சற்று முன்பின் மாற்றுவது குழுவின் கையில் இருக்கலாம். ஆனால் பள்ளியின் அடையாளமாக எழுதிக் கொடுத்த ஒன்றை ஆண்டின் பாதிக்கு நிறுத்திவைப்பது வெறும் கால அட்டவணை மாற்றமன்று.

கட்டணம் கிடையாது, இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் என்பது சட்டம். நம் பிள்ளைகளின் பெயர் வந்தது. காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டவர்களில், இந்தப் பிற்பகல்களுக்காகவே விண்ணப்பித்த குடும்பங்களும் உண்டு. சார்ட்டர் பள்ளிகள் மாவட்டப் பள்ளிகளைப் போல எல்லா இடங்களுக்கும் பேருந்து விடக் கடமைப்பட்டவை அல்ல என்பதால், காலையும் மாலையும் காரில் கொண்டுவந்து விட இயலாத பெற்றோர் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. அவர்கள் நிற்க முடியாத வரிசையில் நின்று உள்ளே வந்த நாம், பயிற்சித்தாளை மையமாகக் கொண்ட பள்ளியாக இதை மாற்றச் சொன்னால், தேர்வு செய்ய என்ன மிஞ்சும்? அப்படிப்பட்ட பள்ளிதான் வேண்டும் என்பது தவறான விருப்பமன்று. அதற்கு ராலே அடங்கிய வேக் மாவட்டத்தில் நல்ல பள்ளிகள் பல இருக்கின்றன. சார்ட்டர் என்ற பெயர் மட்டும் ஒரு பள்ளியை உயர்த்திவிடுவதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற கல்வி ஆய்வு மையம் 2009இல் 16 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், கணிதத்தில் 17 விழுக்காடு சார்ட்டர் பள்ளிகளே ஒப்பிடத்தக்க மரபுப் பள்ளிகளைவிட மேலாக இருந்தன. 37 விழுக்காடு கீழாக இருந்தன. பிந்தைய ஆய்வுகளில் நிலை மேம்பட்டிருக்கிறது. எப்படியாயினும், நம் பள்ளிக்கென்று ஒரு தனித்தன்மை இருக்குமானால் அது அந்தப் பாத்திகளிலும் பணிமேசையிலும்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் நமக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளில் பலர் மாலையில் குமான் என்ற தனிப்பயிற்சி மையத்துக்குச் செல்கிறார்கள், சனிக்கிழமை அபாகஸ், ஞாயிறு தமிழ்ப் பள்ளி. பயிற்சித்தாள் அவர்களுக்கு எங்கும் கிடைக்கிறது. ரம்பத்தைப் பிடித்துப் பலகை அறுக்கவும், அளவு தவறினால் மறுபடி அளக்கவும் வாரத்தில் அந்த இரண்டு பிற்பகல்களைத் தவிர வேறு இடமில்லை. வாசிப்பில் உண்மையாகவே பின்தங்கியிருக்கும் பிள்ளைக்கு இந்த வாதம் உதவாது என்பதை அறிவேன். அப்பிள்ளைக்கு வேண்டியது காலை வேளையில் மூவர் நால்வராக அமர்ந்து தகுந்த ஆசிரியரிடம் படிப்பது. வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து நடத்தும் தேர்வுப் பயிற்சியில் அதற்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன, கடுமையாகவே கேட்கலாம். ஒவ்வொரு செய்முறைப் பாடமும் மாநிலப் பாடத்திட்டத்தின் எந்தப் பகுதியைக் கற்பிக்கிறது, பிள்ளை அதைக் கற்றதா என்பதை ஆசிரியர் எப்படிச் சோதிக்கிறார் என்று பெற்றோருக்கு எழுத்தில் தரச் சொல்லலாம். புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு இம்முறையில் பயிற்சி தரப்படுகிறதா என்பதற்குப் பதில் பெற வேண்டும். என் பார்வையில் பள்ளியின் பலவீனமான இடம் அதுவே. தரக்குறியீட்டு எழுத்தோடு நின்றுவிடாமல், பிள்ளைகளின் ஓராண்டு முன்னேற்றக் கணக்கைத் தனியே வெளியிடவும் கோரலாம். குழுவின் கூட்டங்கள் மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் நாம் நேரில் சென்று அமரலாம்.

இக்கேள்விகளைத் தனி மடலாக எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன் குழுவிடம் தர இருக்கிறேன். மனுவில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களும் அதில் சேரலாம். இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு எது தம் பெயரோடு போக வேண்டும் என்று முடிவு செய்யட்டும். வரைவைப் படிக்க விரும்புவோர் காலையில் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரத்தில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருவர்